ஜனவரி கடைசி வாரம் வாத்து வேட்டைக்குப் போவது வீணா?

கேள்வி, ஜனவரி 22, 2025

லிட்டில் ராக் வந்து முதல் குளிர்காலம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்து லைசென்ஸும் எடுத்துவிட்டேன். ஆர்கன்சாவில் வாத்து சீசன் 31ஆம் தேதியோடு முடிகிறது. "இனிமேல் போய்ப் பயனில்லை, மிச்சமிருக்கிற வாத்தெல்லாம் சத்தம் கேட்டுக் கேட்டு உஷாராகிவிட்டது, நவம்பரில் போனவனுக்குத்தான் யோகம்" என்கிறார்கள் அலுவலகத்தில். போகலாமா, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா?

ஜனவரி 22, இரவு

போங்கள். அலுவலகத்தில் சொன்னது பாதி சரி. வாத்துகள் உஷார்தான். மீதிப் பாதி என்னவென்றால், நவம்பரில் செய்ததையே ஜனவரியிலும் செய்துவிட்டு வாத்தைக் குறை சொல்கிறார்கள்.

கனடாவில் சஸ்காட்சுவான் பக்கம் கோடையில் பொரிந்த ஒரு மல்லார்ட் வாத்து, செப்டம்பரிலேயே துப்பாக்கிச் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. அப்புறம் டகோட்டா, அயோவா, மிசௌரி என்று இறங்கி இறங்கி இங்கே வருகிறது. வழி நெடுக எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் ஏமாற்றி இறக்க மிதக்கவிட்ட அதே பிளாஸ்டிக் பொம்மை வாத்துகள், வாத்துபோல் கத்துகிற அதே குழல் சத்தம். இங்கே வந்தபின் 60 நாள் சீசன் வேறு. ஜனவரி கடைசியில் உயிரோடு இருக்கும் வாத்து இதையெல்லாம் தாண்டியது.

இன்னொன்றும் மாறுகிறது. நவம்பரில் கூட்டமாகத் திரிந்த மல்லார்டுகள் ஜனவரியில் ஜோடி சேர்ந்துவிடுகின்றன. ஜோடிக்குக் கூட்டம் பிடிக்காது, ஒதுக்குப்புறம் வேண்டும். தீனியும் வேறு. அறுவடையில் சிந்திய நெல்லில் பெரும்பகுதி தின்றோ முளைத்தோ அழுகியோ போயிருக்கும். பெட்டைக்கு இறகு மாற்றும் காலம் என்பதால் புரதம் தேவை. ஆகவே தண்ணீர் நின்ற காட்டுக்குள், ஊறிய இலைகளுக்கு அடியில் பூச்சி புழு தேடிப் போகும். ஐம்பது பொம்மை மிதக்கும் திறந்த வயலுக்கு மேலே அது வட்டம் கூடப் போடாது.

என் யோசனை: பொம்மையைக் குறையுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், இடத்தை மட்டும் நன்றாகத் தேடுங்கள்.

ஜனவரி 23

லைசென்ஸ் புதிது என்றீர்கள். லைசென்ஸ் மட்டும் போதாது. 16 வயது ஆனவருக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும் மத்திய அரசின் வாத்து முத்திரை கட்டாயம், 25 டாலர். காகித முத்திரை என்றால் அதன் குறுக்கே மையில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் செல்லாது. மாநில வாத்து முத்திரை தனி. வேட்டைக் கணக்கெடுப்புக்காக எச்.ஐ.பி. பதிவு என்று சில கேள்விகள் கேட்பார்கள், போன வருடம் என்ன சுட்டாய், எத்தனை சுட்டாய் என்று. அதையும் முடித்துவிடுங்கள்.

துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக்கூடாது. அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் அடைப்புக் குச்சி உள்ளே இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். கடையில் வாங்கிய கையோடு எல்லாத் துப்பாக்கியிலும் அது இருக்கும் என்று நம்பாதீர்கள். ஈயத் தோட்டா கூடவே கூடாது. நீர்ப்பறவை வேட்டையில் 1991 முதல் நாடு முழுக்கத் தடை. சேற்றில் விழுந்த ஈயக் குண்டை வாத்து கல் என்று விழுங்கிச் சாகும், அந்த வாத்தைத் தின்ற கழுகும் சாகும். ஸ்டீல் குண்டு ஈயத்தைவிட இலேசானது, தூரம் போனால் வேகம் செத்துவிடும். எட்டாத வாத்தைச் சுடாமல் இருக்க அதுவே ஒரு காரணம்.

ஜனவரி 23, இன்னும் கொஞ்சம்

ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டிருந்தீர்கள். 2024-25 சீசனில் மொத்தம் ஆறு. அதில் மல்லார்ட் நான்குக்கு மேல் கூடாது, அந்த நான்கில் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. வுட் டக் மூன்று. ஊசிவால் ஒன்றே ஒன்று. ஆறும் சுட்டாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 24

"இறக்கை சுற்றும் மோட்டார் பொம்மை வாங்கிவிட்டேன், வேண்டாம் என்கிறீர்களே" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. திறந்த வயலில் கிளுவை என்கிற குட்டி வாத்துக் கூட்டத்துக்கு இன்னும் வேலை செய்யும். மல்லார்ட் ஜோடிக்கு நான் வைக்க மாட்டேன். வாங்கியாகிவிட்டது என்றால் செப்டம்பர் கிளுவை சீசனுக்கு எடுத்து வையுங்கள்.

குழலைப் பற்றியும் கேட்டார். இங்கே ஆர்கன்சாவில் இருக்கும் ஸ்டட்கார்ட் ஊரில் 1936 முதல் உலகக் குழல் போட்டி நடக்கிறது, நவம்பர் கடைசியில் ஊரே திருவிழாவாக இருக்கும். மேடையில் ஊதுகிறவர்கள் ஊதுவது நடுவர்களுக்கு. அதைக் கேட்டுவிட்டு வந்து காட்டில் அப்படியே ஊதினால் நடுவர்கள்தான் வருவார்கள்.

ஜனவரி 27

நானும் போகிறேன், 29ஆம் தேதி புதன்கிழமை. வார நாள் என்றால் படகுத் துறையில் கூட்டம் குறைவு என்று எழுத நினைத்தேன், ஆனால் போவது பொது இடமே அல்ல. கூட வேலை பார்க்கும் நண்பரின் மைத்துனருக்கு டி விட் ஊர்ப் பக்கம் நெல்வயல் இருக்கிறது, அதன் ஓரத்தில் சின்னதாக ஓக் காடு. பொது இடம் வேண்டுமென்றால் பெரியது பேயூ மீட்டோ, 33,000 ஏக்கருக்கு மேல் வரும். விடியுமுன் படகுகள் இடம் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் தீபாவளிக்கு முதல் நாள் கோயம்பேடு நினைவுக்கு வரும்.

ஜனவரி 29, இரவு

போய் வந்தாயிற்று. கை விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை, தட்டச்சுப் பிழை இருந்தால் குளிரின் மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர் அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதிலிருந்து இந்தத் தண்ணீரில் நிற்கிறார். வண்டியில் இரண்டு மூட்டை பொம்மை இருந்தது. இறங்கியதும் அவற்றைத் தொடவே இல்லை. ஒரு சின்னப் பையில் ஆறு பொம்மை மட்டும் எடுத்தார், அதிலும் நான்கு பெட்டை. "ஆண் பொம்மையின் பச்சைத் தலை நவம்பரில் அழகு. இப்போது அது எச்சரிக்கைப் பலகை" என்றார். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். இருட்டில் ஒவ்வொரு காலாகத் தடவித் தடவி வைக்க வேண்டும். அடியில் விழுந்த மரம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். நாய் கறுப்பு லாப்ரடார், வயதான பெட்டை. அதற்கு மரத்தில் ஒரு தட்டு மாட்டிவிட்டார், தண்ணீருக்கு மேலே உட்கார.

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து சுடலாம். இப்போது அது ஆறரை மணி வாக்கில். கடிகாரம் அதைத் தொடும் நேரத்துக்குச் சரியாக வுட் டக்குகள் வந்தன, கீச்சென்று கத்திக்கொண்டு, மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து. நான் துப்பாக்கியைத் தூக்கினேன். நண்பர் கையால் அமுக்கினார். இப்போது சுட்டால் சுற்று வட்டாரத்தில் தூங்குகிற மல்லார்டெல்லாம் எழுந்து போய்விடும் என்பது அவர் கணக்கு. வயிறு எரிந்தது. வுட் டக் ஆணைப்போல் வண்ணம் தீட்டிய பறவை இந்த நாட்டில் வேறு இல்லை, அது கைக்கெட்டும் தூரத்தில் போகிறது.

பிறகு இரண்டரை மணி நேரம் ஒன்றும் இல்லை. தூரத்தில் அடுத்தவர் நிலத்தில் குழல் ஊதும் சத்தம், ஊதுகிறார்கள், ஊதுகிறார்கள், சுடும் சத்தமே இல்லை. நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் பக்கம் குழலே எடுக்கவில்லை. பொம்மைகளில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையில் ரப்பர் வைத்து மரத்தில் மாட்டியிருந்தார். கயிற்றை இழுத்துவிட்டால் பொம்மை அசையும், தண்ணீர் அலையடிக்கும். அலைதான் முக்கியம், மேலிருந்து பார்க்கிற வாத்துக்குக் கண்ணாடிபோல் நிற்கும் தண்ணீர் என்றால் சந்தேகம். கயிற்றை விட்ட நேரத்தில் காலால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தோம்.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியது. அப்போதுதான் ஒரு ஜோடி. ஒரே ஒரு வட்டம், மரக்கிளைகளுக்கு மேலே. நண்பர் குழலை எடுத்து, பெட்டை திருப்தியாக முனகுகிற மாதிரி இரண்டே முறை, அதுவும் வாய்க்குள் பேசுகிற அளவுக்கு. இரண்டும் இறக்கையை மடக்கிக்கொண்டு கிளைகளுக்கு நடுவே நேராக இறங்கின. இருபது கஜம்தான் இருக்கும். நான் ஆணைச் சுட்டேன், விழுந்தது. நண்பர் சுடவில்லை. சட்டம் பெட்டையை அனுமதிக்கிறது, அவர் மட்டும் ஜனவரியில் பெட்டையைத் தொடுவதில்லை. அதை அவர் எனக்கு உபதேசமாகச் சொல்லவில்லை, நான் கேட்டேன்.

அடுத்து கேட்வால் மூன்று வந்தன, ஊரில் கருவால் வாத்து என்பார்களே, அது. நண்பர் ஒன்றைச் சுட்டார். அடிபட்டு விழுந்து நீந்திப் புதருக்குள் போய்விட்டது. அவர் உடனே துப்பாக்கியைக் காலி செய்து மரத்தில் மாட்டிவிட்டு நாயோடு தேடப் போனார். அந்த நேரத்தில் இன்னொரு மல்லார்ட் ஜோடி வந்து எங்கள் தலைக்கு மேல் சுற்றியது. நான் ஒருவன்தான் நின்றிருந்தேன். சுடலாமா என்று சைகையில் கேட்டேன், வேண்டாம் என்று கையசைத்தார். விழுந்தது கைக்கு வரும் வரை அடுத்தது கிடையாது. நாய் அதைக் கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று. வாயில் கவ்விக்கொண்டு வந்தபோது அந்தக் கிழட்டு நாயின் வால் ஆடியதைப் பார்க்க வேண்டுமே.

கடைசியாக ஓர் ஊசிவால். மிக உயரத்தில், ஆண், தனியாக. ஜனவரிக்கு வால் முழுதாக வளர்ந்துவிடும், நீளம் கீழிருந்தே தெரிந்தது. இரண்டு வட்டம் போட்டுவிட்டுத் தெற்கே போய்விட்டது.

பதினொரு மணிக்குக் கிளம்பிவிட்டோம். தனியார் நிலம், சூரியன் மறையும் வரை சுடலாம். ஆனால் "மத்தியானம் அவை வந்து தின்னட்டும்" என்றார் நண்பர். இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு வாத்து.

ஜனவரி 30

இரண்டு வாத்துக்கா இத்தனை எழுத்து என்று கேட்டிருக்கிறார்கள். நேற்று இன்னொரு கேட்வாலை நான் தவறவிட்ட கதையை எழுதவே இல்லை. நியாயமாக நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வெயில் ஏறியபின் ஏன் வந்தன என்று ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. திறந்த வயலில் மப்பு நல்லது என்பார்கள். காட்டில் தலைகீழ். வெயில் இருந்தால்தான் மேலிருந்து பார்க்கும் வாத்துக்குக் கிளைகளுக்கு நடுவே தண்ணீர் மின்னுவது தெரியும். நமக்கும் மரத்தின் நிழல் கிடைக்கும். நிழல் பக்கம் மரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், முகத்தைத் தூக்கக்கூடாது. வெள்ளை முகம் கண்ணாடியாகப் பளபளக்கும் என்று நண்பர் தனக்குச் சேறு பூசிக்கொள்கிறார். எனக்குத் தேவையில்லை என்றார்!

ஜனவரி 30, மாலை

மரங்களைப் பற்றி ஒரு பின்குறிப்பு. பூச்சி புழு தவிர, வாத்துகள் வருவது ஓக் மரங்களின் கொட்டைக்காகவும்தான். நட்டால் ஓக், வில்லோ ஓக் இரண்டும் முக்கியம். இந்த மரம் இலை உதிர்ந்து உறங்குகிற காலத்தில் மட்டும் வெள்ளத்தைத் தாங்கும். சீசன் தொடங்கும் நாளுக்குத் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும் என்று பல வருடங்கள் அவசரப்பட்டு இலையுதிர் காலத்திலேயே மதகை மூடியதிலும், வசந்தத்தில் தண்ணீர் வடியாமல் நின்றதிலும் பொதுக் காடுகளில் ஓக் மரங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஹரிகேன் லேக் பகுதியில் மொட்டையாக நிற்கும் மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாத்துக்கென்று நிறுத்திய தண்ணீரே வாத்தின் சோற்றைக் கொல்கிறது. இப்போது மாநில வனவிலங்கு ஆணையம் தண்ணீரைத் தாமதமாக நிறுத்துகிறது. "நவம்பரில் காடு காய்ந்து கிடக்கிறதே" என்று திட்டுகிறவர்கள் நிறைய. நான் ஆணையத்தின் கட்சி. நவம்பர் வேட்டை போனால் போகட்டும்.

ஜனவரி 31

எதிர்பார்த்த பதிவு வந்துவிட்டது. "வேடந்தாங்கலைக் காப்பாற்றிய ஊர்க்காரர்கள் நாம், வாத்தைச் சுட்டுவிட்டுப் பெருமையா?"

பெருமைப்பட்டதாக ஞாபகம் இல்லை. ஆனால் வேடந்தாங்கலை இழுத்ததால் சொல்கிறேன். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள், ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798இல் பாதுகாப்பு வாங்கினார்கள். ஏன்? பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பாசமும் இருந்திருக்கும், கணக்கும் இருந்தது. ஆர்கன்சாவிலும் அப்படியொரு கணக்கு ஓடுகிறது. நெல் அறுத்த வயலில் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் நிறுத்தினால் வைக்கோல் மக்கும், வாத்து களை விதையைத் தின்னும், வேட்டைக்காரர்கள் அந்த வயலை வாடகைக்கு எடுப்பார்கள். அங்கே எச்சம், இங்கே வாடகை. பணம் வருவதால்தான் தண்ணீர் நிற்கிறது.

முத்திரைப் பணத்தில் டாலருக்கு 98 சென்ட் ஈரநிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது, 1934 முதல். துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 1937 சட்டப்படி வசூலாகும் வரியும் வனவிலங்குக்குப் போகிறது. பறவை பார்க்கிறவர்களும் அந்த முத்திரையை வாங்கலாம். காட்டினால், கட்டணம் வசூலிக்கும் தேசிய வனவிலங்குப் புகலிடங்களுக்குள் அதுவே நுழைவுச் சீட்டு. நீங்கள் ஒன்று வாங்குங்கள், யாரையும் சுட வேண்டாம்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நிலைமை வேறு. இங்கே செய்வதை அங்கே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஜனவரி 31, இரவு

மேலே எழுதியதைப் படித்தால் எல்லாம் கணக்கு என்று முடித்துவிட்டதுபோல் இருக்கிறது. புதன்கிழமை அந்த மல்லார்டின் பெட்டை மரங்களுக்கு மேலே ஏறிப் போய், ஒரு சுற்றுச் சுற்றிக் கத்தியது. அதை 29ஆம் தேதிக் குறிப்பில் எழுதாமல் விட்டேன். 25 டாலர் முத்திரையில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த ஜனவரியில் மல்லார்ட் ஜோடியை விட்டுவிட்டு கேட்வால் கூட்டத்தை மட்டும் பார்க்கலாமா என்று யோசனை. நண்பரிடம் சொன்னேன். "கேட்வாலும் ஜோடிதான், சீக்கிரமே சேர்ந்துவிடும்" என்றார். உதவி செய்கிற மனிதர்.

பிப்ரவரி 2

சமையல் கேட்டவர்களுக்கு. வீடு வந்து சேரும் வரை ஒரு இறக்கையோ தலையோ உடலோடு இருக்க வேண்டும், என்ன இனம் என்று அதிகாரி பார்த்தால் தெரிய வேண்டும் என்பது விதி. நண்பர் தன் பங்கையும் எனக்கே கொடுத்தார். அப்படிக் கொடுக்கும்போது ஒரு சீட்டில் இனம், எண்ணிக்கை, சுட்ட தேதி, முகவரி, கையெழுத்து எல்லாம் எழுதிக் கட்ட வேண்டும். ரசீதோடு வந்த குழம்புக் கறி.

நெஞ்சுக்கறியை இங்கே உள்ளே சிவப்பாக இருக்கும்போதே இறக்கிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. மிளகும் சோம்பும் தூக்கலாகப் போட்டு, குக்கரில் விசில் விட்டு, சின்ன வெங்காயத்தோடு சுருள வறுத்தாயிற்று. நெல்லும் ஓக் கொட்டையும் தின்ற வாத்துக்கு வாடை இல்லை. அதே கைப்பக்குவத்தைத் தட்டைவாயன் வாத்தில் காட்டினால் சேற்று நாற்றம் போகாது, சொல்லிவிட்டேன். இன்னொன்று: சமைக்குமுன் கறியின் மேல் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். ஸ்டீல் குண்டு இருந்தால் இழுக்கும். பல் டாக்டர் செலவு மிச்சம்.

பிப்ரவரி 9

சீசன் முடிந்தும் சுடும் சத்தம் கேட்கிறதே என்று கேட்ட தம்பிக்கு: அது வெள்ளை வாத்துக்கூட்டம், ஸ்னோ கூஸ். அவை பெருகிப்போய் ஆர்க்டிக் புல்வெளியையே வேரோடு பிடுங்கித் தின்கின்றன என்று 1999 முதல் தனி உத்தரவு. மூன்று தோட்டா அடைப்பு வேண்டாம், ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாம், இத்தனைதான் என்ற வரம்பும் கிடையாது. போன வாரம் வரை ஊசிவால் ஒன்றுக்கு மேல் சுட்டால் அபராதம் போட்ட அதே அரசு. அவ்வளவு உஷாரான பறவை வேறில்லை, அத்தனை சலுகை கொடுத்தும் கையில் சிக்குவது குறைவுதான். நான் போகவில்லை. காது வலிக்கும்.

செப்டம்பர் 14

இழை இன்னும் திறந்திருப்பதால் ஒரு திருத்தம். ஜனவரியில் ஊசிவால் ஒன்று என்று எழுதியிருந்தேன். அது 2024-25க்கு. 2025-26 சீசனுக்கு அதை மூன்றாக்கியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் மாநிலக் கையேட்டில் ஒருமுறை பாருங்கள், வருடா வருடம் மாறும்.

முதல் கேள்வி கேட்டவர் 31ஆம் தேதி பேயூ மீட்டோ போய் ஒன்றும் கிடைக்காமல் வந்து, வேடர்ஸ் (தண்ணீரில் இறங்கப் போடும் நீர் புகாத கால்சட்டை) உள்ளே தண்ணீர் போனதாக எழுதியிருந்தார். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, இருட்டறையில் உள்ளே டார்ச்சை விட்டு வெளியே வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்குவதென்றால் தடிமனான கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், ஷூ அளவைவிட ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். போட்டுக்கொண்டு கடையிலேயே முட்டி மடக்கி உட்கார்ந்து பாருங்கள், விற்பனையாள் சிரித்தால் சிரிக்கட்டும்.